விடைக்குறிப்புக்கு ஒரு மாதம் எதற்கு? தேசியத் தேர்வு முகமைக்கு ஒரு திறந்த மடல்

தேசியத் தேர்வு முகமையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், நீட் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். 2025ஆம் ஆண்டு நீட் தேர்வைத் திருச்சியில் எழுதியவள் நான். ஊர் துறையூர்ப் பக்கம். எனக்கு எத்தனை மதிப்பெண் வந்தது, இடம் கிடைத்ததா என்பதெல்லாம் இந்த மடலுக்குத் தேவையில்லை. கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே குரலில் கேட்கிற ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தேர்வு முடிந்த இரண்டொரு நாளில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடுங்கள்.

அந்த ஆண்டுத் தேர்வு மே 4, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு முடிந்தது. தற்காலிக விடைக்குறிப்பு ஜூன் 3ஆம் தேதிதான் வந்தது. 2023இலும் இதே கதை: மே 7 தேர்வு, ஜூன் 4 விடைக்குறிப்பு. 2022இல் ஜூலை 17ஆம் தேதி எழுதியவர்கள் ஆகஸ்ட் 31 வரை காத்திருந்தார்கள்.

20 லட்சம் பேருக்கு மேல் எழுதுகிற தேர்வு. விடைக்கான வட்டங்களை நிரப்பித் தருகிற அத்தனை ஓ.எம்.ஆர். தாள்களையும் நாடு முழுக்க இருந்து சேகரித்து, ஸ்கேன் செய்து, சரிபார்க்க நாளாகும். அது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் விடைக்குறிப்புக்கும் எழுதியவர்களின் எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? 20 பேர் எழுதினாலும் 20 லட்சம் பேர் எழுதினாலும் விடைகள் 180தான். அவை வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன்பே உங்கள் கையில் இருந்தவை. உங்களிடம் இருக்கிற ஒரு தாளை எங்களுக்குக் காட்ட ஏன் 30 நாள்?

இந்த 30 நாளில் எங்களிடம் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்கிறீர்கள். அன்று மாலை சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் வண்டியில் ஏறியபோது எங்களில் நாலு பேர் கையில் அந்தத் தாள்தான் இருந்தது. நாலு பேருக்கும் வேறு வேறு வரிசை எண். எனக்கு 12ஆவதாக வந்த வினா இன்னொருத்திக்கு எங்கோ கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதனால் "12க்கு என்ன போட்டே?" என்று கேட்டுப் பயனில்லை. வினாவை முழுதாக வாசிக்க வேண்டும், மற்றவர்கள் பக்கம் புரட்டித் தேட வேண்டும். வண்டி மண்ணச்சநல்லூரைத் தாண்டுவதற்குள் இயற்பியலில் பத்துப் பதினைந்து வினாதான் பார்க்க முடிந்தது.

இயற்பியல் அந்த வருடம் எங்களைப் புரட்டி எடுத்துவிட்டது. நாடு முழுவதும் முதலிடம் பெற்றவருக்கே 720க்கு 686தான் என்றால், கிராமத்துப் பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பைக் கொண்டுவந்த வினா ஒன்று உண்டு. சூரியன் தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள 27 நாள் ஆகிறது. அதன் ஆரம் இருமடங்கானால் எத்தனை நாள் ஆகும்? கோண உந்தம் மாறாது, நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும், ஆகவே சுற்றுக்காலமும் நான்கு மடங்கு. 108 என்று நாலு பேரும் ஒன்றாகச் சொன்னோம். முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "என்னம்மா, பாஸாயிட்டீங்களா?" என்று கேட்டார்.

அடுத்து ஒரு மின்தேக்கி வினா. மூன்று பேருக்கு மூன்று விடை, நான்காமவள் விட்டுவிட்டாள். பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தோம். ஒருத்தி தன் விடைதான் சரி என்று நிறுவினாள், இரண்டாமவள் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினாள், புலிவலம் வந்தும் முடிவுக்கு வரவில்லை. சரியென்றால் 4, தவறென்றால் ஒன்று குறையும். ஆக ஒரு வினாவில் 5 மதிப்பெண் வித்தியாசம். கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிற நடு மதிப்பெண்களில் அந்த ஐந்து, தரவரிசையில் ஆயிரக்கணக்கான இடங்களைப் புரட்டிப் போட்டுவிடும். இப்படிச் சந்தேகத்தில் தொங்கிய வினாக்கள் ஒவ்வொருத்திக்கும் ஏழெட்டு இருந்தன.

தேர்வு முடிந்தபின் விடையை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், மனசு கெட்டுவிடும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்த அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்தவர்கள், கைக்கு வந்த கணக்கைப் பற்றிப் பேசாமல் எப்படி இருப்பார்கள்? அன்று அந்த வண்டியில் நாங்கள் கற்ற இயற்பியலை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. மதிப்பெண் கவலை இருந்தும், எது சரி என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. மருத்துவராகப் போகிறவர்களிடம் நீங்கள் எதிர்பார்க்கிற குணம் இதுதானே? பேசுவதில் தவறில்லை. பேச்சை எந்த இடத்தில் முடிப்பது என்று சொல்ல ஆளில்லாததுதான் தவறு.

ஆளில்லாத இடத்தில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். தேர்வு முடிந்த அன்று இரவே பயிற்சி மையங்களின் "கீ" யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகிறது. ஒரு மையம் 2 என்கிறது, இன்னொன்று 3 என்கிறது, மூன்றாவது மையம் முதலில் 3 என்று போட்டுவிட்டு நள்ளிரவில் 2 என்று திருத்துகிறது. ஒரே பிள்ளைக்கு ஒரு கீயில் 470 வரும், மற்றொன்றில் 440 வரும். அப்புறம் "எதிர்பார்க்கப்படும் கட் ஆஃப்" என்று ஒரு காணொளி. அதன் முடிவில் மறுபடி தேர்வெழுதுபவர்களுக்கான ரிப்பீட்டர் வகுப்புக்கு இந்த வாரம் சேர்ந்தால் கட்டணச் சலுகை என்று ஒரு வரி. பயந்துபோன அப்பாக்கள் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். உங்கள் விடைக்குறிப்பு வெளிவந்திருந்தால் அந்தப் பணத்தில் பாதி வீட்டிலேயே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் இந்த மாதத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. 2025இல் பிளஸ் டூ முடிவு மே 8இல் வந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பம் மே 7இல் தொடங்கி ஜூன் 6இல் முடிந்தது. உங்கள் விடைக்குறிப்பு ஜூன் 3. நீட் முடிவு ஜூன் 14. கலைக் கல்லூரி, வேளாண்மை, நர்சிங், பொறியியல் என்று ஒவ்வொரு வாசலையும் எட்டிப் பார்க்க வேண்டிய மாதம் முழுவதும் எங்கள் மதிப்பெண் சுமாராக எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் இருந்தோம். வசதியுள்ள வீட்டில் நாலைந்து இடத்துக்கு விண்ணப்பித்து, முன்பணமும் கட்டி வைத்துக்கொள்வார்கள். என் தோழியின் அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். ஒரு விண்ணப்பத்துக்கே கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்.

அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது உங்கள் 200 ரூபாயைப் பற்றியும் பேச வேண்டும். விடைக்குறிப்பில் பிழை இருப்பதாகக் கருதினால் மூன்றே நாளுக்குள், ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம் என்கிறீர்கள். பணம் திரும்ப வராது. ஆட்சேபம் சரி என்று உங்கள் நிபுணர்களே ஒப்புக்கொண்டாலும் வராது. ஏற்றுக்கொண்டீர்களா, தள்ளினீர்களா என்று ஆட்சேபித்தவருக்குத் தனியாகத் தெரிவிக்கவும் மாட்டீர்கள். உங்கள் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்ன மாணவியிடம் அதற்குக் காசு வாங்குவது எந்த வகையில் நியாயம்? வீண் ஆட்சேபங்களைத் தடுக்கத்தான் கட்டணம் என்றால், ஏற்கப்பட்ட ஆட்சேபத்துக்காவது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

"அவசரப்பட்டு வெளியிட்டால் பிழை வந்துவிடும்" என்று நீங்கள் சொல்லக்கூடும். 2024ஐ நினைத்துப் பாருங்கள். மே 5 தேர்வு, மே 29 விடைக்குறிப்பு. மூன்று வாரத்துக்கு மேல் அவகாசம் எடுத்துக்கொண்டீர்கள். அப்படியும் அணுக்களைப் பற்றிய ஒரே ஒரு இயற்பியல் வினா என்ன பாடுபட்டது! தற்காலிகக் குறிப்பில் ஒரு விடை. பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்று ஆட்சேபம் வந்ததும் இறுதிக் குறிப்பில் இரண்டு விடை. கடைசியில் உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யின் நிபுணர்களைக் கேட்டு, ஒரு விடைதான் சரி என்று ஜூலை 23இல் முடித்துவைத்தது. இரண்டாவது விடையைப் போட்டிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண் மாறியது. 720க்கு 720 வாங்கியவர்களின் எண்ணிக்கை 61இலிருந்து 17ஆகச் சுருங்கியது. தாமதம் அந்தப் பிழையைத் தடுக்கவில்லை. விடை மே மாதத்தின் முதல் வாரத்திலேயே பொதுவெளிக்கு வந்திருந்தால், நாட்டிலுள்ள இயற்பியல் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து அதை அலசியிருப்பார்கள். எந்தப் பாடநூலின் எந்தப் பக்கத்தை வைத்து இந்த விடை என்று ஒரு வரி எழுதியிருந்தால், பழைய பதிப்பா புதிய பதிப்பா என்ற சண்டை கலந்தாய்வு நேரம் வரைக்கும் இழுத்திருக்காது.

விரைவாகச் செய்ய முடியாது என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐ.ஐ.டி.களில் சேர்வதற்கான 2025 ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு மே 18இல் நடந்தது. மாணவர்கள் என்ன விடை அளித்தார்கள் என்பது மே 22இல் அவர்கள் கைக்கு வந்தது, தற்காலிக விடைக்குறிப்பு மே 26இல், முடிவு ஜூன் 2இல். அது கணினி வழித் தேர்வு, எழுதுபவர்களும் எங்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சரி, முடிவைத் தாமதமாகவே வெளியிடுங்கள். விடைக்குறிப்பை வெளியிடக் கணினியும் வேண்டாம், எண்ணிக்கையும் தடையில்லை.

இன்னொன்று. நிரப்பிய ஓ.எம்.ஆர். தாளை அதன் நகலான அலுவலகப் படியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் அறையை விட்டு வெளியே வருகிறோம். அதனால் நண்பர்களோடு பேசும்போது பாதிச் சண்டை "இது சரியா" என்பதில் இல்லை, "நான் எதைப் போட்டேன்" என்பதில்தான். 180 நிமிடத்தில் 180 வினா. வினாத்தாளிலும் தனியாகக் குறித்துக்கொள்ள நேரம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டை ஷேட் செய்தோமா மூன்றையா என்று நினைத்து நினைத்தே தூக்கம் போய்விடும். கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வை சி.பி.எஸ்.இ. நடத்திய நாட்களில், அசல் தாளைக் கொடுத்துவிட்டு இரண்டாம் படியைத் தேர்வர் எடுத்துச் செல்லலாம் என்று வினாத்தாளின் முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். இதே நாட்டில் இதே மாதிரித் தாளில் செய்துகாட்டிய ஏற்பாடுதான். எங்களுக்கும் ஒரு படி கொடுங்கள். பின்னாளில் ஸ்கேன் செய்த தாளில் ஏதும் சந்தேகம் வந்தால் உங்களுக்கும் அது சாட்சியாக இருக்கும்.

இதை வெறும் வசதிக் கோரிக்கையாக நினைத்துவிடாதீர்கள். 2021 செப்டம்பர் 12இல் நீட் நடந்தது. அடுத்த சில நாளில் அரியலூர் மாவட்டத்திலும் வேலூர் மாவட்டத்திலும் தேர்வு எழுதிவிட்டு வந்த இரண்டு மாணவிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். முடிவு வெளியானது நவம்பர் 1இல். தங்கள் மதிப்பெண் என்ன என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு விடைக்குறிப்பு அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு உயிர் போவதற்கு ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. ஆனால் ஒன்றும் தெரியாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசு 104 என்ற எண்ணில் நீட் எழுதியவர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறது. மனம் கனத்துப்போன தம்பி தங்கைகள் தயங்காமல் பேசுங்கள். தேர்வை நடத்துகிற நீங்களும் உங்கள் பங்குக்கு அந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டும்.

அடுத்த தேர்வுக்கான தகவல் குறிப்பேட்டை நீங்கள் அச்சிடும் முன் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன். தேர்வு நாளைக் குறிப்பிடுகிற அதே பக்கத்தில் தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும் நாளையும் போடுங்கள். அது தேர்வு நடக்கும் அதே வாரத்தில் ஒரு நாளாக இருக்கட்டும். ஒவ்வொரு விடையின் எதிரிலும் பாடநூலும் பக்கமும் இருக்கட்டும். ஆட்சேபிக்க ஒரு வாரமாவது கொடுங்கள், சரியாகச் சொன்னவருக்கு 200 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், ஓ.எம்.ஆர். படி ஒன்றை எங்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். இவற்றில் எதை உங்களால் செய்ய முடியாது, ஏன் முடியாது என்றாவது பொதுவில் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
2025 மே 4 அன்று திருச்சியில் நீட் எழுதிய ஒரு மாணவி,
துறையூர் வட்டம்