நடையின் கோடியில் ஒரு மஞ்சள் கதவு

தஞ்சாவூர்
பிப்ரவரி 9

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியோடு வீடு மாறிய கதையை இவ்வளவு வேடிக்கையாக உன்னால்தான் எழுத முடியும். பெண்ணுக்கு வேலை நிரந்தரமானதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து விடிந்ததும் பெரிய கோயில் வரை நடந்துவிட்டு வருகிறார். நடப்பதைவிட வழியில் நின்று பேசுவதுதான் அதிகம் என்று கேள்வி.

புது வீட்டில் சுவரும் வெள்ளை, கதவும் வெள்ளை, ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டு நடை உனக்கு நினைவிருக்கும். ஜன்னலே கிடையாது, இரு பக்கமும் அறைகள், கோடியில் சாமான் அறைக் கதவு. பொங்கலுக்கு முன்னால் அந்த ஒரு கதவுக்கு மட்டும் மாம்பழ மஞ்சள் அடித்தேன். சுவரைத் தொடவேயில்லை. இப்போது வாசலிலிருந்து உள்ளே வருகிறவர்களின் கண் நேராக அங்கேதான் போகிறது. நடையின் இருட்டை யாரும் பேசுவதில்லை.

பெயின்டருக்கு இது பிடிக்கவில்லை. "உள் கதவுக்கு யாரம்மா மஞ்சள் அடிப்பார்கள்? கிரீம் அடித்தால் அழுக்குத் தெரியாது" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற ஊரில், உள்ளே ஒரு கதவு மஞ்சளாக இருந்தால் மட்டும் என்ன குறைந்துவிடும்? அழுக்கைப் பற்றி அவர் சொன்னதும் சரியில்லை. கிரீமில்தான் விரல் தடம் பளிச்சென்று தெரிகிறது.

இன்னொன்றும் கேள். எண்ணெய் எனாமலில், அதாவது கதவுக்கு அடிக்கும் பளபளப்பு பெயின்டில், வெள்ளை அடித்து, வெளிச்சம் படாத இடத்தில் விட்டால் அது தானாகவே பழுப்பேறும். உன் வீட்டு உள்ளறைக் கதவுகள் இன்னும் சில வருடங்களில் அப்படித்தான் ஆகும். எப்படியும் மஞ்சளாகப் போகிற கதவுக்கு நாமே நல்ல மஞ்சளாகப் பார்த்து அடித்துவிடலாமே.

ஆரம்பிப்பதற்கு முன் கதவு எதனால் ஆனது என்று பார்த்துக்கொள். சாதாரண பிளஷ் கதவுக்கு, அதாவது இருபக்கமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவுக்கு, ஏற்கெனவே எனாமல் அடித்திருந்தால் வேலை சுலபம். குளியலறையில் இருப்பது பிளாஸ்டிக் கதவாக இருந்தால் அதை விட்டுவிடு. எனாமல் அதில் சரியாக ஒட்டாது, உரிந்து வந்துவிடும். வாசல் கதவு தேக்கு என்றால் அதையும் தொடாதே. நல்ல தேக்கை எனாமலுக்குள் மறைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

முக்கால்வாசி வேலை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிடு. எங்கள் கதவில் கைப்பிடி இருந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. சாமான் அறை அல்லவா, நல்லெண்ணெய்க் கையோடு திறந்து மூடிய வருடங்கள் அத்தனையும் அதில் இருந்தன. சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் உப்புத்தாள் பிடித்தது. சொரசொரப்பான 120ஆம் எண்ணில் ஆரம்பித்து மென்மையான 220இல் முடித்தேன். பளபளப்பு போய் மங்கினால் போதும், மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டாம்.

உன்னுடையது பழைய கட்டடம் என்று எழுதியிருந்தாய். அதனால் இதை மட்டும் கவனமாகப் படி. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதே. தண்ணீர் தொட்டுத் தேய், முகமூடி கட்டிக்கொள், ஈரத் துணியால் துடைத்து எடு. பேரன் வந்திருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

ஓட்டை, கீறலை அடைக்க மரத்துக்கான பட்டிப் பசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சுவருக்குப் போட்டது மிச்சம் இருக்கிறது என்று பெயின்டர்கள் அதையே கதவுக்கும் இழுத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் சிமென்ட் கலந்தது. மரம் அசைந்தால் வெடித்துவிடும். பிறகு பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒன்று.

நிறம் அடிக்கும் நேரம்தான் எனக்குப் பிடித்தது. கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல்களின் மேல் படுக்கவைத்துவிட்டால் வழிந்து சொட்டும் பயம் இல்லை. சின்ன ஸ்பாஞ்ச் ரோலரால் உருட்டும்போது மேலே பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். உடனே பிரஷ்ஷின் நுனியால், அழுத்தாமல், நீளவாக்கில் ஒரே இழுப்பாக இழுத்தால் குமிழி உடைந்துவிடும். மயிர்க்கோடுகள் தெரிகின்றனவே என்று பதறாதே, கையையும் எடுத்துவிடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மட்டமாகிவிடும். அங்கேயே நின்று திரும்பத் திரும்ப இழுப்பவர்கள்தான் கெடுப்பார்கள். இருபக்கமும் இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் தாராளம். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விட்டுவிடாதே. கண்ணுக்குத் தெரியாத அந்த வழியாகத்தான் ஈரம் ஏறி, ஐப்பசி மழையில் கதவு உப்பி நிலையில் பிடிக்கிறது.

உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்றால் விளிம்புக்கு எது என்று குழப்பம் வரும். கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அந்த அறையின் நிறம் தாழ்ப்பாள் பக்க விளிம்புக்கு. கீல் பக்க விளிம்புக்கு மறுபக்கத்து நிறம். திறந்து வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

வாடை ஆகாது என்றால் தண்ணீர் கலக்கும் எனாமல் வாங்கு. வெள்ளையும் அதில் அவ்வளவு பழுப்பேறாது. ஆனால் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் முழுக்க இறுகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை கதவை அழுத்திச் சாத்தாதே, நிலையோடு ஒட்டிக்கொள்ளும்.

நிறத்தை மட்டும் கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாதே. ஓர் அட்டையில் அடித்து, கதவில் ஒட்டி, பகலிலும் விளக்குப் போட்டும் பார். உன் வீட்டு விளக்குகள் நீலம் தட்டும் 6500 கெல்வின் வெள்ளை என்றால் மாம்பழ மஞ்சள் வெளிறிப்போய் எலுமிச்சையாகத் தெரியலாம். உன் தங்கையின் கல்யாணத்துக்கு நீ உடுத்திய மயில்கழுத்துப் புடவை நிறம் படுக்கையறைக்கு எடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாக் கதவுக்கும் ஒரே நேரத்தில் அடித்துத் தீர்த்துவிடாதே. ஒன்றை முடித்து, சில மாதம் பழகிப் பார்.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் எடுத்ததும் ஒரு வரி போடு. அங்கே கடையில் வண்ண அட்டை கிடைத்தால் ஒன்று வாங்கி வா. பின்கட்டு அறைக்குப் பச்சையா, வாடாமல்லியா என்று இவருக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
கோமதி