செயலாளர் ஆண்டறிக்கை: சனிக்கிழமை மர வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் செயற்குழு மாசாமாசம் தவறாம கூடுச்சு, ஹால் கூரையில ஒழுகுன எடத்தையும் சரி பண்ணியாச்சு, வரவு செலவை பொருளாளர் படிப்பாரு. நான் சொல்ல வேண்டியது முக்கால்வாசி நம்ம கோத்தகிரி பசங்களுக்கு நடத்துன மர வகுப்பப் பத்திதான்.

முதல் நாளே ஒரு பொண்ணு, "சாஃப்ட்வுட்னா மெத்துன்னு இருக்குற மரமா சார்?"னு கேட்டுச்சு. அப்படி இல்ல. பூக்காம கூம்பு விடுற பைன், சைப்ரஸ் எல்லாம் சாஃப்ட்வுட், பூத்துக் காய்க்குற தேக்கு, பலா, கற்பூர மரம்னு நாம சொல்ற யூக்கலிப்டஸ், தோதகத்திங்கற ரோஸ்வுட் எல்லாம் ஹார்டுவுட், கைக்கு எப்படி இருக்குங்கறதுக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்ல. பால்சாங்கற ரொம்ப லேசான மரத்துண்டை நகத்தால அழுத்துனாலே பள்ளம் விழுது, ஆனா அது ஹார்டுவுட். சவுக்கு பாக்க ஊசியிலை மரம் மாதிரியே இருக்கும், அதுவும் ஹார்டுவுட்தான், இதுல பெரியவங்களே ஏமாந்தோம்.

லென்ஸ் வச்சு அறுத்த முனையப் பாக்கச் சொன்னோம். தேக்குல ஊசி குத்துன மாதிரி வரிசையா ஓட்டை தெரியுது, பைன்ல அந்த ஓட்டையே கிடையாது. அப்புறம் ஆசாரி அண்ணன் 10 செ.மீ. நீளம், 5 அகலம், 2 கனம்னு எல்லா மரத்துலயும் கட்டை அறுத்துக் குடுத்தாரு, அது சரியா 100 கன செ.மீ., தராசுல எத்தனை கிராம் காட்டுதோ அதை 100ஆல வகுத்தா அடர்த்தி வந்துடும். தேக்கு 65 கிராம் பக்கம் வந்துச்சு, பால்சா 16 கூட வரல, பசங்க மாத்தி மாத்தி தூக்கிப் பாத்துட்டே இருந்தாங்க.

எந்த வேலைக்கு எந்த மரம்னு தேர்ந்தெடுக்கறதுதான் டிசைன்ல பாதி. பைன் சுலபமா இழைபடும், பெட்டி, அலமாரிக்கு சரி, ஆனா கணு இருந்தா பிசின் கசிஞ்சு பெயிண்டுல கறை ஏறும். தேக்குல எண்ணெய் இருக்கறதால மழை வெயில் தாங்கும், ஆனா அதுல சிலிக்கா இருக்கு, உளி, இழைப்புளி சீக்கிரம் மழுங்கிடும். வீணைக்கு பலாவும் நாதஸ்வரத்துக்கு ஆச்சாவும்னு நம்ம ஆளுங்க எடுத்து வச்சது ஏன்னு பசங்க கேட்டப்போ எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு.

ஒரு வருத்தத்தையும் சொல்லிடறேன். காஞ்ச பலகைன்னு காசு வாங்கிட்டு ஒரு டிப்போல பச்சை சில்வர் ஓக்க ஏத்திவிட்டாங்க, அதுல செஞ்ச ஸ்டூல் எல்லாம் ஜனவரி வெயில்ல கிண்ணம் மாதிரி வளைஞ்சு ஜாயின்ட் விட்டுப்போச்சு, ஒரு பையன் அழுதே அழுதுட்டான். காயும்போது மரம் ஆண்டு வளையத்தை ஒட்டின வாட்டத்துல, நடுவுலேர்ந்து வெளியே போற வாட்டத்தைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சுருங்கும், அந்த வளைஞ்ச பலகையையே காட்டித்தான் அதைப் புரிய வச்சோம். இப்ப வாங்குன பலகைக்கு முனையில பெயிண்ட் அடிச்சு, நடுநடுவுல ரீப்பர்ங்கற மெல்லிசான மரச்சட்டம் குடுத்து, ஹால் பின்னாடி காத்தோட்டமா அடுக்கியிருக்கோம், அது காயாம யாரும் கை வைக்கக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு.

அடுத்த வருஷத்துக்கு ஈரப்பதம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்க அனுமதி கேக்கறேன். தோதகத்தியை நெனச்சபடி வெட்ட சட்டம் விடாது, அதனால யார் வீட்டுலயாவது ஒடைஞ்ச பழைய தோதகத்தி நாற்காலி கால் கெடந்தா விறகுக்குப் போடாம வகுப்புக்குக் குடுங்க.