பழவேற்காட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் வரலாற்று ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

வணக்கம். பழவேற்காட்டில் பிள்ளைகளுக்கு ஏரியைக் காட்டுகிறீர்கள், டச்சுக் கல்லறையைக் காட்டுகிறீர்கள். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்து அவர்கள் வியக்கிறார்கள். "டச்சுக்காரர் வந்தனர், வணிகம் செய்தனர், போயினர்" என்பதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. அதற்கு வேண்டியிருந்தது நம் நெசவாளர் துணி. அதைக் கொடுத்துத்தான் இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். சோழமண்டலக் கரை அந்த மலுக்குத் தீவுகளுக்கு இடக்கை போன்றது என்று கம்பெனி அதிகாரி ஹென்ரிக் பிரவுவர் 1612-லேயே எழுதிவிட்டார். சாதிக்காய் தனக்கு மட்டுமே கிடைக்க வேண்டும் என்று 1621-இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் அது விளையும் பாண்டா தீவுகள்மேல் படையெடுத்தார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகள். வெட்டுண்டும் பட்டினி கிடந்தும் ஊரைவிட்டு ஓடியும் போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் மிகச் சிலர். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கம்பெனியின் தலைநகரான பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அடிமைகள் தேவைப்பட்டார்கள்.

அந்தத் தேவைக்கு நம் கரையும் ஆள் கொடுத்தது. 1645-ஐ ஒட்டி பீஜப்பூர்ப் படை தஞ்சை நாட்டைச் சூறையாட, பஞ்சம் வந்தது. 1646-இல் மட்டும் 2,118 பேர் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். தொண்டி, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் வரை ஆள் பிடித்தார்கள். 1659 முதல் 1661 வரை மீண்டும் பஞ்சம். நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி விலைக்கு வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள்.

கல்லறையில் உள்ள டச்சுக்காரருக்குப் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, குலச்சின்னம்கூட உண்டு. கப்பலேறிய பிள்ளைக்கு என்ன பெயர் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதை எண்ணும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை. 2022 டிசம்பரில் அன்றைய நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். கேட்கப்பட்ட மன்னிப்பு எதற்கு என்பதாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்தமுறை வரும்போது கையில் ஒரு சாதிக்காயும் ஒரு முழம் கைத்தறித் துணியும் எடுத்து வாருங்கள். கல்லறையோடு நின்றுவிடாமல் கடற்கரைக்கும் கூட்டிப்போய், கிழக்கே கையைக் காட்டி, பாண்டாவின் கதையையும் பத்தாவியாவின் கதையையும் சொல்லுங்கள்.

"அவங்களை வித்தது யாரு, சார்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மழுப்பாதீர்கள். வாங்கியது கம்பெனி. பிடித்துக் கொடுத்தவர்களில் நம் ஊர்த் தரகர்களும் இருந்தார்கள். பெற்ற பிள்ளையைப் பசியால் விற்ற தாய் தகப்பனும் இருந்தார்கள். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அன்புடன்,
பழவேற்காட்டை நேசிக்கும் ஒருவன்