கவரிங் லெட்டர் படித்தேன் கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

வெளிநாட்டுப் பையர்களுக்காக இங்கே துணி வாங்கிக் கொடுக்கிற அந்தப் பெங்களூர் பையிங் ஆபீஸுக்கு, மெர்ச்சண்டைசர் வேலை கேட்டு நீ எழுதின கவரிங் லெட்டரைப் படித்தேன். இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் கம்பெனிக்கு மெர்ச்சண்டைசர் வேலை கேட்டு வருகிற மெயில்களோடு கலந்து வைத்தால், உன்னுடையது எது என்று எனக்கே தெரியாது. 'ஹார்ட்வொர்க்கிங்', 'டைனமிக்', 'டீம் பிளேயர்'. நான் சோம்பேறி என்று எவனாவது எழுதுவானா?

முதல் வரியே 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' பாணியில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனுவா கொடுக்கிறாய்? எந்த வேலைக்கு, எங்கே விளம்பரம் பார்த்தாய், அதில் உனக்கு என்ன அனுபவம் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வா.

அவர்கள் விளம்பரத்தை இன்னொரு தடவை படி. சாம்பிளில் இருந்து ஷிப்மென்ட் வரை ஃபேக்டரியை ஃபாலோ பண்ணத் தெரிந்த ஆள் கேட்கிறார்கள். பிரசவத்துக்கு முந்தின சீசனில் லேப் டிப், அதாவது பையர் கலர் பார்க்கச் சாயம் போட்டு அனுப்புகிற துணித்துண்டு, திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆனதே, ஞாபகம் இருக்கிறதா? நீயே டையிங் யூனிட்டில் போய் உட்கார்ந்து, லைட் பாக்ஸில் ஷேடு பார்த்து அப்ரூவல் வாங்கினாய். சரக்கு லேட்டாகி, அதிகச் செலவில் ஏர்ல போகாமல் தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. அன்று ராத்திரி போனில் எனக்குச் சொன்ன மாதிரியே அதை நாலு வரியில் எழுது. ஏர்ல போயிருந்தால் அந்த ஆர்டரில் என்ன மிஞ்சியிருக்கும் என்பது பனியன் தொழிலில் இருக்கிறவனுக்கு விளக்க வேண்டியதில்லை. பையர் பேரும் பீஸ் விலையும் மட்டும் வேண்டாம். பழைய கம்பெனி கணக்கை வெளியே சொல்கிறவள் நாளைக்கு நம் கணக்கையும் சொல்வாள் என்றுதான் நினைப்பார்கள்.

பாப்பா பிறந்து வேலையை விட்டதற்கு ஒரு பாரா முழுக்கச் சமாதானம் எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கத்தான் எனக்குக் கோபம் வந்தது. பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு என்று 2017-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. நீ என்னமோ குற்றம் செய்தவள் மாதிரி எழுதுகிறாய். 'குழந்தை பிறந்ததால் இடைவெளி. இப்போது முழுநேரம் வரத் தயார்', அவ்வளவுதான். பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர்களுக்கு எதற்கு? அப்பா ஆனவன் எவனும் தன் விண்ணப்பத்தில் அதை எழுதி நான் பார்த்ததில்லை.

அவர்கள் கேட்காமல் சம்பளப் பேச்சை எடுக்காதே. என்றைக்குச் சேர முடியும் என்பதைப் போடு. லெட்டரை மெயிலிலேயே எழுது, ரெஸ்யூமை மட்டும் பிடிஎஃப்பாக இணை. ஃபைலுக்கு உன் பேரை வை, 'ஃபைனல் நியூ' என்று வைக்காதே. சப்ஜெக்டில் வேலையின் பேர் இருக்கட்டும். வேறு இடத்துக்கு எழுதினதைத் திருத்தி அனுப்புகிறாய் என்றால் கம்பெனி பேரை ஒன்றுக்கு இரண்டு தரம் பார். எங்களுக்கு வருகிற மெயிலில் பக்கத்துக் கம்பெனி பேர் இருந்தால், அதற்கு மேல் நான் படிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றி எழுதி எனக்கு ஒரு தடவை அனுப்பு. அந்த ஆபீஸ் மேனேஜருக்கு என்னை நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், என் பேர் அதில் எங்கேயும் வரக் கூடாது.

அப்பா
திருப்பூர்