வெளிவேலை செய்வோருக்குத் தொலைபேசி வாங்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கட்டட வேலைத்தளங்கள், துறைமுகக் களஞ்சியங்கள், வடிகால் மற்றும் வீதித் திருத்தப் பணிகள், காவல் சேவைகள் முதலியவற்றை நடத்தும் நிறுவனங்களின் கொள்வனவுப் பிரிவினருக்கு வணக்கம்.

வெளியில் நின்று வேலை செய்யும் ஊழியர்களுக்கென நீங்கள் மொத்தமாகக் கைத்தொலைபேசி வாங்கும்போது, விலைமனுக் கோரும் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: ‘சாதாரண பட்டன் போன், குறைந்த விலை’. சில நிறுவனங்கள் அதுவும் இல்லாமல், அலுவலகத்தில் பாவித்துக் கழித்த ஸ்மார்ட் போன்களை வேலைத்தளத்துக்கு அனுப்பிவிடுகின்றன. மேசைக் கணினி வாங்குவதற்குப் பக்கக்கணக்கில் விவரக்குறிப்பு எழுதும் அதே பிரிவு, மழையிலும் சீமெந்துத் தூசியிலும் நாள் முழுவதும் ஒருவர் சட்டைப்பையில் கிடக்கப்போகும் கருவிக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல. வேலைத்தள மேற்பார்வையாளன் என்ற முறையில், அந்தக் கருவியை எப்படித் தெரிவுசெய்ய வேண்டும் என்று நான் கருதுவதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், கழித்த ஸ்மார்ட் போன் ஏன் உதவாது என்பதைப் பாருங்கள். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. திரையில் மழைத்துளி விழுந்தால் அதையும் விரலென்றே எடுத்துக்கொள்ளும். தடித்த இறப்பர் கையுறை அணிந்த விரலையோ உணரவே உணராது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் ஆட்கள் தொலைபேசியை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, வாயை இறப்பர் பட்டியால் கட்டி, இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அழைப்பு வரும்போது பையை அவிழ்த்து, கையை உடுப்பில் துடைத்து, திரையையும் துடைத்துவிட்டு அழுத்தப் போவதற்குள் மணி நின்றுவிடும். கிறேன் இயக்குபவருக்கும் கீழே நிற்பவருக்கும் இடையே போகும் அழைப்புக்கு இந்தத் தாமதம் சிறிய விடயமல்ல. அழுத்தினால் அழுந்துகிறது என்று விரலுக்குத் தெரியும் விசைகள், ஈரக்கையிலும் கையுறையிலும் இன்றும் வேலை செய்கின்றன. எனவே வெளிக்கள ஊழியருக்கு விசைப்பலகை உள்ள தொலைபேசியே பொருத்தம் என்பது என் முடிவு. ஆனால் கடையில் கிடைக்கும் எந்தப் பட்டன் போனும் போதும் என்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீருக்கும் தூசிக்கும் எதிரான காப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனையாளர்கள் அதிகம் குழப்புவது இங்கேதான். பெட்டியில் ‘வோட்டர் ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஐ.பி. என்ற எழுத்துகளும் அதன் பின்னே இரண்டு இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் இலக்கம் தூசியைக் குறிப்பது, அதில் 6 என்பது தூசி உட்புகாத உச்ச நிலை. இரண்டாம் இலக்கம் நீரைக் குறிப்பது. ஐ.பி. 67 என்றால் ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தும் பாதிப்பில்லை என்று சோதித்திருக்கிறார்கள். ஐ.பி. 68 அதைவிடக் கடுமையானது, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே நிர்ணயிப்பதால் அந்த விவரத்தையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஐ.பி. 54 என்பது தெறிக்கும் நீரைத் தாங்கும், நீரில் விழுந்தால் தாங்காது. இந்தச் சோதனைகள் அனைத்தும் புத்தம் புதிய கருவியில், நன்னீரில் நடப்பவை என்பதையும் மறக்கக் கூடாது. துறைமுகத்திலும் முகத்துவாரக் கரையிலும் வேலை செய்பவரின் தொலைபேசியில் படுவது உப்புநீர். உப்பு ஈரம் ஒட்டிய துளையில் சார்ஜர் வயரைச் செருகினால், மின்னோட்டமே அங்குள்ள உலோகத் தகடுகளை அரித்துவிடும். ஆகவே கடற்கரையோரம் வேலை செய்பவர்களுக்கு, தொலைபேசியை நன்னீரில் கழுவி, உலர்ந்த பின்னரே சார்ஜ் செய்ய வேண்டும் என்று கொடுக்கும் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள்.

மாதிரிக் கருவி கைக்கு வந்ததும் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய இறப்பர் வளையம் ஒன்று இருக்கும். நீரைத் தடுப்பது அந்த வளையம்தான், வெளியே தெரியும் தடித்த இறப்பர் உறை அல்ல. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்வைக்கு இராணுவக் கருவிபோலத் தோன்றும் தொலைபேசிகளைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தால், சிலவற்றில் அந்த வளையமே இருக்காது. வளையம் உள்ளதிலும் ஒரு மணல்துகள் சிக்கினால் நீர் உள்ளே போகும். சார்ஜர் துளையை மூடும் இறப்பர் நாக்கு பிய்ந்துபோனால் ஐ.பி. இலக்கத்துக்கு மதிப்பே இல்லை. அந்த நாக்கும் வளையமும் உதிரியாகக் கிடைக்குமா என்று இறக்குமதியாளரிடம் கேளுங்கள். நீரால் வரும் பழுது உத்தரவாதத்தில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். காப்பு இலக்கம் உள்ள கருவிகளுக்குக்கூடப் பல தயாரிப்பாளர்கள் அதை விலக்கியே எழுதியிருப்பார்கள்.

விழுந்தால் உடையாது என்பதற்குச் சான்றாக அமெரிக்க இராணுவத்தின் மில்-எஸ்.டி.டி.-810 தரத்தைக் காட்டுவார்கள். அதன் வழமையான வீழ்ச்சிச் சோதனையில் கருவியை 122 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 26 தடவை போடுகிறார்கள். விழும் தளம் பெரும்பாலும் கொங்கிறீற்றின் மேல் விரித்த ஒட்டுப்பலகை. அந்த 26 தடவையையும் ஐந்து கருவிகள் வரை பகிர்ந்துகொள்ளவும் இடமுண்டு. இதற்கென்று சான்றிதழ் வழங்கும் அரச அமைப்பு எதுவும் இல்லை, எந்தச் சோதனைகளைச் செய்தோம் என்று சொல்வது தயாரிப்பாளரே. ஆக, சட்டைப்பையிலிருந்து தரையில் விழுவதற்கு அது ஓரளவு நம்பிக்கை தரும், மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுவதற்குத் தராது. உயரத்திலிருந்து விழும் தொலைபேசி உடைவதைவிட, கீழே நிற்பவர் தலையில் விழுவதே எனக்குப் பெரிய கவலை. அதனால் கயிறு கோக்கும் துளை உள்ள கருவியை மட்டுமே உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு வாங்குங்கள். அந்தத் துளை சிறிய அம்சம்தான், ஆனாலும் விவரக்குறிப்பில் கட்டாயம் என்று எழுதப்பட வேண்டியது.

பற்றரி விடயத்தில் பெரிய எண்களை நம்ப வேண்டாம். 10,000 மில்லியம்பியர் மணி என்று மலிவான கருவிகளில் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையான அந்த அளவுள்ள லிதியம் பற்றரி மட்டுமே 150 கிராமுக்கு மேல் நிறுக்கும், தராசில் வைத்தாலே பொய் வெளிப்பட்டுவிடும். சிறிய திரையுள்ள ஒரு விசைத் தொலைபேசி 1,500 முதல் 2,000 மில்லியம்பியர் மணியிலேயே ஒரு நாள் வேலையைத் தாராளமாகத் தாங்கும். கழற்றி மாற்றக்கூடிய பற்றரி வேண்டும் என்பதை நான் வலியுறுத்துகிறேன். நோக்கியாவின் பி.எல்.-5சி போன்ற பரவலான வகையாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் போலிகள் நிறைய இருப்பதால் நம்பகமான முகவரிடம் வாங்குங்கள். லிதியம் பற்றரியை 45 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் சார்ஜ் செய்யக் கூடாது. ஏப்ரல் வெயிலில் எங்கள் வேலைத்தள அலுவலகமாகிய தகரக் கொள்கலனின் உள்ளே, யன்னலோரம் பத்துத் தொலைபேசிகள் ஒரே பலகையில் சார்ஜில் கிடப்பதைப் பார்க்கும் எவருக்கும் பற்றரிகள் ஏன் வீங்குகின்றன என்பது விளங்கும். பற்றரி வீங்கினால் பின்மூடி தூக்கும், மூடி தூக்கினால் இறப்பர் வளையம் விலகும், அடுத்த மழையில் தொலைபேசி போய்விடும். சார்ஜ் செய்யும் இடத்தை நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இனி வலையமைப்பு. 2003இல் வெளிவந்த நோக்கியா 1100, முனையில் ரோச் விளக்கும் தூசி புகாத விசைப்பலகையும் கொண்டு, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதைப்போல ஒன்று போதுமே என்று மூத்த ஊழியர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும் அது 2ஜி மட்டுமே தெரிந்த கருவி. சிங்கப்பூர் 2017இலேயே 2ஜியை நிறுத்திவிட்டது, அவுஸ்திரேலியா 2024இல் 3ஜியையும் நிறுத்தியது. எந்த நாட்டின் வலையமைப்புகளும் பழைய அலைவரிசைகளைப் புதியவற்றுக்கு விடுவிக்கும் திசையிலேயே செல்கின்றன. இன்று வாங்கும் கருவி நாலைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்றால் 4ஜி கட்டாயம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியில் 4ஜி என்று போட்டிருந்தும், தரவுக்கு மட்டும் 4ஜியைப் பாவித்து, குரல் அழைப்பு வரும்போது 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிவிடும் கருவிகள் உள்ளன. 4ஜி வழியாகவே குரலைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி வசதி கருவியில் இருப்பதோடு, உங்கள் நிறுவனம் பாவிக்கும் வலையமைப்பு அந்த மாதிரியை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். மாதிரிக் கருவியில் நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, அழைப்பு நடக்கும்போதே திரையின் மேல் மூலையில் 4ஜி குறி நிலைத்து நிற்கிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த உறுதியான தொலைபேசிகளை உறவினர் மூலம் மலிவாக எடுப்பித்துத் தர முன்வருபவர்களும் உண்டு. அவற்றின் அலைவரிசைகள் எங்கள் வலையமைப்புகளோடு முழுமையாகப் பொருந்துவதில்லை.

எந்தக் கருவியானாலும் *#06# என்று அழுத்தி, தோன்றும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை (கருவியின் அடையாள எண்), IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது உள்ளதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

அடுத்து, மொழி. வேலைத்தளத்தில் தமிழ் பேசுபவரும் சிங்களம் பேசுபவரும் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள். மலிவான பல பட்டன் போன்களில் தமிழில் வரும் குறுஞ்செய்தி வெறும் சதுரப் பெட்டிகளாகத் தெரிகிறது. வெள்ள எச்சரிக்கையோ, நாளைக்கு வேலை இல்லை என்ற அறிவிப்போ அந்தப் பெட்டிகளாக வந்தால் அது வராததற்குச் சமம். இரு மொழியிலும் ஒரு செய்தியை அனுப்பித் திரையில் வாசித்துப் பாருங்கள். தமிழிலோ சிங்களத்திலோ ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிகளே கொள்ளும் என்பதால், அறிவிப்புகளைச் சுருக்கமாக எழுதும் பழக்கத்தையும் அலுவலகம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கலவை இயந்திரத்தின் அருகே நின்று மணியோசை கேட்கிறதா என்பதையும் அப்போதே சோதிக்கலாம்.

கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியம் போன்ற இடங்களுக்கு ஆட்களை அனுப்பும் ஒப்பந்தகாரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூசி, நீர், வீழ்ச்சி ஆகியவற்றைத் தாங்கும் தொலைபேசி, எரிவாயு பரவிய சூழலில் தீப்பொறியை எழுப்பாது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதற்கு ‘அட்டெக்ஸ்’ போன்ற தனிச் சான்றிதழ் பெற்ற கருவிகள் வேண்டும். இரண்டையும் ஒன்றென நினைத்து வாங்குவது உயிராபத்து.

வாட்ஸ்அப் இல்லாவிட்டால் வேலை நடக்காதே என்பீர்கள். படமும் வரைபடமும் அனுப்ப வேண்டியவர் மேற்பார்வையாளர். அவருக்கு ஒரு ஸ்மார்ட் போன் கொடுங்கள். விசைத் தொலைபேசியிலேயே வாட்ஸ்அப் உண்டு என்று சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். 2019இல் வந்த நோக்கியா 800 டஃப் நீரையும் வீழ்ச்சியையும் தாங்கும் அருமையான 4ஜி கருவி. ஆனால் அது இயங்கும் காய்ஓஎஸ் தளத்தில் வாட்ஸ்அப்பைப் புதிதாக நிறுவும் வழி 2024இலேயே மூடப்பட்டது. தொலைபேசியை அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் ரோச்சுக்கும் வானொலிக்கும் என்று மதிப்பிட்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இந்தக் கருவி வேலை முடிந்ததும் பெட்டிக்குள் போவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். பருவகாலத்தில் சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறும்போதும், விடுமுறையில் முகத்துவாரத்தில் தூண்டில் போடும்போதும் அதே தொலைபேசிதான் ஊழியரின் கையில் இருக்கும். அவரது வீட்டார் அவரைத் தேடுவதும் அந்த இலக்கத்தில்தான். சொந்தப் பாவனையைத் தடைசெய்யும் நிறுவனங்களில் ஊழியர்கள் கருவியை அலுமாரியில் வைத்துவிட்டுப் போகிறார்கள், திடீரென்று வேலைக்கு அழைக்க வேண்டிய இரவில் அது அலுமாரிக்குள்ளேயே மணியடிக்கிறது.

தொலைந்தாலோ உடைந்தாலோ சம்பளத்தில் வெட்டுவோம் என்ற நிபந்தனையையும் கைவிடுமாறு கேட்கிறேன். அந்தப் பயத்தில்தான் நல்ல கருவியைக்கூடப் பைக்குள் பைபோட்டுச் சுற்றி வைக்கிறார்கள். மொத்தக் கொள்வனவுக்கு முன் இரண்டு மூன்று மாதிரிகளைச் சாரவேலை செய்பவர், வடிகாலில் இறங்குபவர், இரவுக் காவலர் ஆகியோரிடம் மழைமாதமொன்றில் கொடுத்துப் பாவிக்கச் சொல்லுங்கள். விலைமனுக்களை ஒப்பிடும் கூட்டத்தில் அவர்களில் ஒருவரையாவது அமரவைத்து, எது வேண்டும் என்று கேளுங்கள்.

கருவியைக் கையில் கொடுக்கும்போது 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு, 119 பொலிஸ் ஆகிய இலக்கங்களையும், வேலைத்தளப் பொறுப்பாளரின் இலக்கத்தையும் பதிந்து கொடுங்கள். அவற்றோடு வேலைத்தளத்தின் முழு முகவரியையும், அம்புலன்ஸ் உள்ளே வரக்கூடிய வாயில் எந்த வீதியில் உள்ளது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுஞ்செய்தியாக எழுதிச் சேமித்து வையுங்கள். வேலைத்தளம் மாறும்போது அதையும் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
வேலைத்தள மேற்பார்வையாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.