கம்பியைத் துடைத்து வை

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மழை விட்டபாடில்லை. மாரியம்மன் கோயில் கூரை வேலை பாதியில் நிற்கிறது.

உன் பேஸ் கிட்டார் எப்படி இருக்கிறது? சிங்கப்பூர் அறையில் சுவரெல்லாம் ஈரம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பெட்டியைத் தரையில் வைக்காதே. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் வாரம் ஒரு தடவை கம்பியைத் துடைத்து வை. சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும்.

போன வாரம் சாப்பிடும்போது அண்ணன், "பழைய பேஸ் கிட்டார் இப்போ என்ன விலை போகும்ப்பா?" என்று கேட்டான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சரி, சொல்ல வந்தது வேறு. பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் டிவியில் யூடியூப் போட்டுக் கொடுத்தான். மில்லு வேலை முடிந்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் குறைவு, உனக்குத் தெரியும். இப்போது பத்து, பதினொரு மணி வரைக்கும் பாட்டுதான். கெரோல் கேய் என்று ஓர் அம்மா. 1935-இல் பிறந்தவர். வீட்டில் கஷ்டம். சின்ன வயதிலேயே கிட்டார் சொல்லிக்கொடுத்து வீட்டுக்குச் சம்பாதித்தவர். கல்யாண வீட்டில் கடைசியாக ஆட்டத்துக்கு வாசிப்போமே, லா பம்பா, அதை 1958-இல் ரிச்சி வேலன்ஸ் பதிவு செய்தபோது ரிதம் கிட்டார் அடித்தது இந்த அம்மாதான். இருபது வருஷம் அந்தப் பாட்டை வாசித்தேன், அதில் ஒரு பெண்ணின் கை இருப்பது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஸ்டூடியோவில் வாசிக்கிறவர்கள் பெயரை அப்போதெல்லாம் இசைத்தட்டு உறையில் போடமாட்டார்கள். பத்தாயிரம் பதிவுகளில் வாசித்திருப்பார் என்று கணக்குச் சொல்கிறார்கள். பீச் பாய்ஸ் குழுவின் 1966 இசைத்தட்டு, பெட் சவுண்ட்ஸ், அதிலும் இவர் இருக்கிறார். கையில் பிக், அந்தச் சின்னத் தகடு, வைத்துத்தான் பேஸ் அடிக்கிறார், உன்னை மாதிரி. விரலால் வாசி என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன். அது என் தப்பு.

அப்புறம் ஃபேனி என்று ஒரு ராக் குழு. எல்லாருமே பெண்கள். ஜூன் மில்லிங்டன் கிட்டார், தங்கை ஜீன் பேஸ். இரண்டு பேரும் மணிலாவில் பிறந்து 1961-இல் கலிபோர்னியா போனவர்கள். 1970-லேயே பெரிய கம்பெனியில் முழு இசைத்தட்டு போட்டுவிட்டார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம பாப்பா நிக்கிற மாதிரியே நிக்குது" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நீ தீபாவளிக்கு வராதது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு போன் செய்தால் என்ன?

ஜாஸில் ஆலிஸ் கோல்ட்ரேன் கேட்டுப் பார். புருஷன் போன பிறகு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஹார்ப் வாசித்தவர். 1971-இல் வந்த அவருடைய இசைத்தட்டின் பெயரில் இருக்கிற சச்சிதானந்தா, கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி. முதல் பாட்டில் சிசில் மெக்பீ ஒரே பேஸ் வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார், அலுக்கவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் போட்டேன். அம்மா நிறுத்தச் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கம்பியைத் துடைத்து வை.

கிளோரா பிரையன்ட் என்று ட்ரம்பெட் வாசித்தவர் ஒருவர், 1927-இல் டெக்சாஸில் பிறந்தவர். அண்ணன் பட்டாளத்துக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போன ட்ரம்பெட்டை எடுத்து ஊதிப் பழகினார். அவர் அப்பா பக்கத்தில் நின்றார், கடைசிவரை நான் இருக்கிறேன் என்று சொன்னார். அன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

கெரோல் கேய் பேஸ் எடுத்த கதையை நான் மேலே எழுதவில்லை. 1963 வாக்கில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டிய ஆள் வரவில்லை. கிட்டாரோடு அங்கே இருந்தவரிடம் பேஸைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

பெரிய கிராணி மகள் கல்யாணத்திலும் பேஸ்காரன் வரவில்லை. நீ எஸ்.பி.எம். பள்ளிப் பரீட்சை எழுதி முடித்த வருஷம். "நான் வாசிக்கிறேன்ப்பா, எல்லாப் பாட்டும் தெரியும்" என்றாய். தெரியும் என்று எனக்கும் தெரியும். கீபோர்டு வாசிப்பவரை இடது கையால் சமாளிக்கச் சொன்னேன். "பொம்பளப் பிள்ளை மேடையில நின்னா நாளைக்கு எவன் கேட்டு வருவான்" என்றேன். அது மைக்கில் போய் மண்டபம் முழுக்கக் கேட்டது. முன் வரிசையில் சிரித்தார்கள். நீ ஸ்பீக்கருக்குப் பின்னால் வயர் சுருட்டிக்கொண்டிருந்தாய், நிமிரவே இல்லை.

மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமும் சொல்லி வந்தேன். அம்மாவிடமும் அப்படித்தான். பொய். மிக்சரில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். குழுவில் இரண்டு பேர் ஏற்கெனவே உன்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உன் காது என் காதைவிட நல்ல காது. ஒரு பாட்டு வாசித்தால் போதும், மண்டபத்துக்கே அது தெரிந்துவிடும். எனக்கு அந்தப் பயம். கல்யாணம், சம்பந்தம் எல்லாம் வாய்க்கு வந்த சாக்கு.

அண்ணனுக்கும் இது தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

பணத்துக்கு ஏதும் முடை என்றால் என்னிடம் கேள். இ.பி.எஃப். பணத்தில் கொஞ்சம் தொடாமல் வைத்திருக்கிறேன். ஈப்போவில் ஒரு செட் பேஸ் கம்பி வாங்கினேன், 45-லிருந்து 105 வரை, நீ போடுகிற அளவுதான். இந்தக் கடிதத்தோடு வருகிறது. பழையதை ஒரேயடியாகக் கழற்றாதே, ஒவ்வொன்றாக மாற்று. சாவியில் சுற்றும்போது சுற்று கீழ்நோக்கி இறங்க வேண்டும், மறந்துவிடாதே.

அப்பா