நாற்று வாங்குவதற்கு முன்

மேட்டுப்பாளையம்

கயல் கண்ணு,

டெக்சாஸில் உன் பாஸ்ட்ராப் வீட்டுப் பின்பக்கம் மொட்டையாக இருக்கிறது, நர்சரியில் கிடைக்கிற ஏதாவது லோப்லாலி பைன் மரம் வைக்கலாம் என்று போனில் சொன்னாய். அந்த ‘ஏதாவது’தான் எனக்கு ஒப்பவில்லை. நாற்றங்காலிலேயே உத்தியோகம் பார்த்தவன் வேறென்ன சொல்வேன்!

உன் ஊர் லாஸ்ட் பைன்ஸ் காடு, கிழக்கு டெக்சாஸின் பெரிய பைன் காட்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் மேற்கே தனியாக நிற்கிறது. மழையும் அங்கே குறைவு. மர இனம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வறட்சியிலும் தாங்காதது பட்டுப்போய், தாங்கியது விதை போட்டு, அது தனி வம்சமாகிவிட்டது. இரண்டு பக்கத்து விதையையும் ஒரே மண்ணில் பக்கம் பக்கமாக நட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேற்கத்தி விதை வறட்சியில் அதிகம் பிழைக்கும், வளர்த்தி கொஞ்சம் மட்டு. மண்ணும் மழையும் ஒன்றாக இருந்தும் வித்தியாசம் தெரிகிறதென்றால், அது பிறவியிலேயே வந்தது. மர வியாபாரிக்கு வளர்த்தி முக்கியம். உனக்கு மரம் நின்றால் போதாதா?

1951-இல் புரூஸ் சோபல் அந்த மாநில வனத்துறையில் மர மேம்பாட்டு வேலையைத் தொடங்கியபோதே, வறட்சி தாங்கும் லோப்லாலியைத்தான் முதலில் தேடினார்கள். அந்த வழியில் சேர்த்த விதை ஆயிரம் பவுண்டுக்கு மேல் குளிர்கிடங்கில் கிடந்தது. கேட்பார் இல்லை, கொட்டிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள். அதற்குள் 2011 செப்டம்பரில் உங்கள் பக்கம் அந்தப் பெருந்தீ. 1,600 வீடுகளுக்கு மேல் போயின, காடும் போயிற்று. குப்பைக்குப் போகவிருந்த விதைதான் அப்புறம் நாற்றாகி அந்தக் காட்டுக்கே திரும்பியது. எங்கள் ஆபீசிலும் பழைய விதையை ‘இடத்தை அடைக்கிறது’ என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள்!

அதனால் நர்சரியில் விலைக்கு முன்னால் விதை எந்த ஊருது என்று கேள். “லோப்லாலிதான், எல்லாம் ஒன்றுதான்” என்றால் வந்துவிடு. மாநில வனத்துறையிடம் விசாரி.

நடுவது டிசம்பருக்கு மேல், பிப்ரவரிக்குள். வேரில் மண்ணில்லாத நாற்று என்றால் குழியில் இறக்கும்வரை வேரை ஈரத்துணியில் சுற்றி வை. வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். வீட்டிலிருந்து முப்பது அடியாவது தள்ளி நடு. பைனின் ஊசிச்சருகு கூரையோர மழைநீர்க் கால்வாயில் சேர்ந்தால் தீப்பொறிக்கு அதுவே போதும். மாப்பிள்ளை நிழலுக்கென்று ஜன்னலோரம் கேட்பார், விடாதே.

அன்புடன்,
அப்பா